உப்பு ஏற்றுகிற வண்டிக்கு ஸ்டீம் வாஷ் போதுமா?



வரி, லைசென்ஸ், தராசு முத்திரை, கடை வாடகை என்று நமது பத்திரிகையில் எழுதாத விஷயம் இல்லை. ஆனால் கடை வாசலில் நிற்கிற லோடு வண்டியைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்து, அதற்குக் 'குட்டி யானை' என்று மக்கள் பெயரும் வைத்த பிறகு, வாடகை வண்டியை நம்பியிருந்த நம்மவர்கள் பலர் சொந்த வண்டி வாங்கிவிட்டோம். அதற்கு முன்பே மாருதி ஆம்னியில் சரக்குப் போட்டவர்களும் உண்டு. அந்த வண்டியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டாலும் இன்னும் பல கடைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தராசு, பிரிட்ஜ், கம்ப்யூட்டர் என்று கடையில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் சேர்த்தாலும் விலையில் அந்த ஒரு வண்டிக்கு ஈடாகாது.

அந்த வண்டியை நாம் எப்போது கழுவுகிறோம்? ஆயுத பூஜைக்கு முந்தின நாளும், எஃப்.சி. காட்டுவதற்கு முந்தின நாளும். அதிலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும். இப்போது ஊருக்கு ஊர் 'ஸ்டீம் வாஷ்' என்று போர்டு வைத்துவிட்டார்கள். எஞ்சின் புதிது போல ஆகிவிடும், அடிப்பாகத்தில் ஒரு தூசி இருக்காது என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புக்குத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆவி, டீசல் எதற்கும் வேண்டாம். அடிப்பாகத்தை அடிக்கடி கழுவ வேண்டும். எஞ்சினை எப்போதாவது கழுவினால் போதும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

உப்பு செய்கிற வேலை

மளிகைச் சரக்கில் வண்டிக்குப் பெரிய விரோதி உப்புதான். மூட்டைக்குள் இருக்கிற உப்பு ஒன்றும் செய்யாது. மூட்டையை இழுக்கும்போது தையல் வாயில் சிந்துகிற கைப்பிடி உப்புதான் வேலையைக் காட்டுகிறது. அது பலகை இடுக்கிலும் போல்ட் ஓட்டையிலும் இறங்கி, சேஸிஸ் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. காய்ந்திருக்கிற வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பு தானாகவே தண்ணீர் கோத்துக்கொள்ளும். கல்லுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மூட்டைக்கு அடியில் தரை நனைந்து கிடப்பதை நாம் கிட்டங்கியில் பார்க்கிறோம் அல்லவா, அதே காரியம் வண்டிக்கு அடியிலும் நடக்கிறது.

துருப்பிடிப்பது என்பது இரும்பின் மேல் நடக்கிற ஒரு சிறு பாட்டரி வேலைதான். வெறும் தண்ணீரில் அது மெதுவாக நடக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் பல மடங்கு கூடிவிடுகிறது. மழையே பெய்யாத நாளில்கூட, ஷெட்டில் நிற்கிற வண்டி ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளுக்கு நேரே போய் லோடு எடுக்கிறவர்களின் வண்டிக்குக் கீழேயிருந்தும் உப்பு, மேலேயிருந்தும் உப்பு. கருவாடு ஏற்றுகிற வண்டிக்கும் இதே கதிதான்.

எந்த இடத்தை அரிக்கிறது என்பதுதான் முக்கியம். வெளியே தெரிகிற கதவையும் பாடியையும் அரித்தால் நாம் பார்த்துவிடுவோம். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், குறுக்குச் சட்டம் சேருகிற மூலை, பிளேட்டு செட்டின் இடுக்கு, டீசல் டேங்கைக் கட்டியிருக்கிற பட்டி, சைலன்சர் தாங்கி, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கிற கிளிப், இவையெல்லாம் மண்ணும் உப்பும் சேர்ந்து தங்குகிற இடங்கள். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு அரிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சில்லறை வியாபாரியின் வண்டி வாரம் ஒரு முறை உப்பு ஏற்றும். ஏழு வருடம் ஆகியும் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கிட்டங்கி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. நல்ல வேளையாக வண்டியில் லோடு இல்லை. மெதுவாகச் சுவரில் இடித்து நின்றது. குனிந்து பார்த்தால், பின் ஆக்ஸிலுக்குப் போகிற இரும்பு பிரேக் பைப் கிளிப் பிடித்திருந்த இடத்தில் அரித்துப் போய், பிரேக் ஆயில் ஒழுகிக் கிடந்தது. கிளிப்புக்குள் உப்பும் களிமண்ணும் சேர்ந்து செங்கல் போல இறுகியிருந்தன. அந்த இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித் தண்ணீர் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அது. ஒரு டன் சரக்கோடு பைபாஸில் இறங்கும்போது அந்தப் பைப் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஸ்டீம் வாஷ் உதவுமா? அவ்வளவாக உதவாது. 100 மில்லி பச்சைத் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கிற தண்ணீரில் கரைவது 39 கிராம்தான். சூட்டினால் கிடைக்கிற லாபம் இவ்வளவே. கரைந்த உப்பு அங்கேயே நிற்காமல் ஓடிப் போக வேண்டும்; அதற்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். ஆவி மெஷினோ ஒரு வண்டிக்குச் சில லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடுகிறது. தண்ணீர்ச் செலவு குறைவு என்பது அதன் பெருமை. உப்பைப் பொறுத்தவரை அதுவே அதன் குறை. உப்பு ஏற்றி இறக்கிய அன்றைக்கே, சாதாரண ஹோஸ் பைப்பை வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரை கால் மணி நேரம் அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் விட்டாலே போதும். சேஸிஸ் சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விட வேண்டும். அடைத்த ஓட்டையோடு தண்ணீர் விட்டால் சட்டத்துக்குள்ளே உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்தது போல ஆகிவிடும்.

நல்ல தண்ணீர் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடலோர ஊர்களிலும் வறண்ட ஊர்களிலும் பல சர்வீஸ் ஸ்டேஷன்களில் போர் தண்ணீர்தான். குடிக்க முடியாத உப்புத் தண்ணீரால் வண்டியைக் கழுவினால், கழுவக் கழுவ உப்பு ஏறும். கண்ணாடியில் கொஞ்சம் தெளித்துக் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மழைக் காலத்தில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற நண்பர்கள் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

ஆவியின் வேலை எது?

எண்ணெய் விஷயம் வேறு. கடலை எண்ணெய் டின் கசிந்து பலகை வழியாக இறங்கியிருக்கும். எஞ்சினில் ஆயில் சீல் தேய்ந்து ஒழுகியிருக்கும். அதன் மேல் தூசி படிந்து, சூட்டில் காய்ந்து, தார் போல ஒரு அடை கட்டிவிடும். இது பச்சைத் தண்ணீருக்கு அசையாது. இங்கேதான் ஆவி வேண்டும்.

இட்லிக் கொப்பரையில் ஆவி பட்டுக் கை வெந்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் பெரிதாக இருக்கும். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி சூடு போதும். அந்தக் கொதித்த தண்ணீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஆவி குளிர்ந்த இரும்பில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த 540-ஐயும் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. அதனால்தான் கெட்டிப்பட்ட கிரீஸ்கூட இளகி வழிகிறது. எட்டு கிலோ பிரஷர் வைத்த பாய்லருக்குள் ஆவியின் சூடு சுமார் 175 டிகிரி இருக்கும். நாசிலை விட்டு வெளியே வந்ததும் வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே நாசில் இரும்புக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு முழத்துக்கு அப்பால் நின்று புகை போல விட்டுக்கொண்டிருந்தால் அது வேடிக்கைதான்.

ஸ்டீம் வாஷ் என்று போர்டு வைத்த இடங்களில் எல்லாம் ஆவி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் இருப்பது சுடு தண்ணீரைப் பிரஷரில் அடிக்கிற மெஷின். அதுவும் கெட்டதல்ல, சேஸிஸுக்கும் கிரௌனுக்கும் அது போதும். ஆனால் எஞ்சினுக்கு அது ஆகாது. கூலி பேசும் முன் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெயர் ஒன்று, சரக்கு ஒன்று என்று இருந்தால் நாம் வாங்குவோமா?

ஆவி துருவைப் போக்காது. துருவின் மேல் இருக்கிற அடையைத்தான் எடுக்கும். அடை போன பிறகு அடியில் துரு தெரிந்தால் அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, பிரைமரும் பெயிண்டும் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேலேயே கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது துருவைப் போர்வை போர்த்தி வளர்ப்பதற்குச் சமம்.

எஞ்சினில் கை வைக்கும் முன்

பழைய டீசல் வண்டிகளில் மின்சார வேலை குறைவு. செல்ப் மோட்டார், டைனமோ, சில வயர்கள், அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள் அப்படியல்ல. எஞ்சினை நடத்துவதே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குத் தகவல் கொடுக்கப் பல சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கனெக்டர். அந்தக் கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்து, வண்டி காரணம் சொல்லாமல் நிற்கும். மெக்கானிக் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார். பில் நமக்கு வரும்.

எனவே புது வண்டி எஞ்சினில் ஆவி அடிப்பதாக இருந்தால் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி, பியூஸ் பெட்டி, டைனமோ, காயில், காற்று இழுக்கிற வாய் இவற்றைப் பாலித்தீன் உறையால் கட்டி மூட வேண்டும். அங்கெல்லாம் துணியால் துடைப்பதே மரியாதை. டீசல் எஞ்சின் காற்று வாயில் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பிரேக் ஆயில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். லோடோடு மலைப் பாதையில் இறங்கும்போது அது கொதித்தால் பிரேக் பிடிக்காது.

எஞ்சின் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போதும் தண்ணீர் கூடாது. வண்டி வந்து நின்றதும், 'கூட்டம் இல்ல, இப்பவே அடிச்சிருவோம் அண்ணாச்சி' என்பார்கள். அரை மணி நேரம் ஆறட்டும் என்று சொல்லி, உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். சூடான கிரௌன் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயிலைத் திறந்து பார்த்தால் மோர் போல வெளுத்திருக்கும். அப்படி வெளுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ரேடியேட்டர் தகடுகளுக்கு நேரே பிரஷர் அடித்தால் மடங்கிப் போகும்; காற்றுப் பாதை அடைத்து எஞ்சின் சூடேறும். அங்கே மெல்லிய தண்ணீர் போதும், அதுவும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக.

எஞ்சின் கழுவுவதில் ஒரே ஒரு உண்மையான லாபம்தான் உண்டு. ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். கழுவிய மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் டார்ச் அடித்துப் பார்த்தால் புதுக் கசிவு ஈரமாகத் தெரியும். அந்த லாபத்தை எடுக்காமல் வெறும் அழகுக்காகக் கழுவுவதில் அர்த்தமில்லை. வருடம் ஒரு முறை போதும் என்பது என் கணக்கு.

டீசல் அடிக்கிற பழக்கம்

கழுவி முடித்ததும், 'டீசல் அடிச்சிரவா அண்ணாச்சி?' என்று ஒரு கேள்வி வரும். அடிப்பாகம் கறுகறுவென்று மின்னும். துருவும் பிடிக்காது என்பார்கள். சிலர் கழிவு ஆயிலையே பிரஷ்ஷால் பூசிவிடுவார்கள். பல வருடமாக நடக்கிற பழக்கம். ஆனாலும் இதை விட்டுவிட வேண்டும் என்றுதான் சொல்வேன். புஷ், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் ரப்பர். டீசல் பட்டால் ரப்பர் ஊறிப் பருத்துப் பிறகு பிய்ந்து போகும். டீசல் ஈரத்தில் இரண்டே நாளில் ரோட்டுத் தூசி முழுவதும் வந்து ஒட்டிக்கொள்ளும். எந்த அடையை எடுக்கக் காசு கொடுத்தோமோ அதே அடைக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. பனி போல டீசலைத் தெளிக்கும்போது பக்கத்தில் சூடான சைலன்சர் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் யோசிக்க வேண்டும். கழிவு ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவில் சேர்ந்தது. அதைப் பூசுகிறவரின் தோலுக்கும் நல்லதல்ல.

இதையெல்லாம்விட நமக்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நாம் ஏற்றுவது சிமெண்டோ செங்கலோ அல்ல. அரிசி, ரவை, மைதா, டீத்தூள், சர்க்கரை. டீத்தூளுக்குப் பக்கத்தில் சோப்பு வைத்தாலே வாசனை ஏறிவிடும் என்று கடையில் அடுக்கும்போது அவ்வளவு கவனமாக இருக்கிறோம். அதே டீத்தூளை, டீசல் சொட்டுகிற பலகையின் மேல் நாற்பது கிலோமீட்டர் வெயிலில் கொண்டுவருகிறோம். 'அரிசியில மண்ணெண்ணெய் வாடை வருது' என்று மூட்டை திரும்பி வந்தால், ஆலைக்காரரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். வண்டியின் அடியை யாரும் மோந்து பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் சரக்கு கொண்டுபோகிற வண்டியின் சுத்தமும் சேர்ந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன்.

கழுவுகிற வரிசை

முதலில் துடைப்பம், பிறகுதான் தண்ணீர். பலகையில் சிந்திய அரிசி, பருப்பு இடுக்கில் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் வயரைக் கடிக்கும். மைதா சிந்திய இடத்தில் நேரே ஆவி அடித்துவிடக் கூடாது. சுமார் 60 டிகிரி சூட்டிலேயே மாவு வெந்து பசையாகிவிடும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற பசையும் அதுதானே. இடுக்கில் ஒட்டிக் காய்ந்தால் பிறகு உளிதான் வேண்டும். மாவைக் காய்ந்தபடியே பெருக்கி எடுத்துவிட வேண்டும். வெல்லமும் சர்க்கரையும் சிந்திய இடத்துக்குச் சுடு தண்ணீர் நல்லது.

பெருக்கிய பிறகு அடிப்பாகத்துக்குப் பச்சைத் தண்ணீர், அதன் பிறகு எண்ணெய் அடை இருக்கிற இடத்துக்கு மட்டும் ஆவி, கடைசியில் மறுபடியும் ஒரு அலசல். வண்டி ராம்ப்பிலோ லிஃப்டிலோ நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஆளை அடியில் அனுப்புகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். ஆவி மெஷின் பிடிக்கிறவருக்குக் கையுறையும் பூட்ஸும் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமைதான்.

ஆவியும் பிரஷர் தண்ணீரும் அழுக்கோடு கிரீஸையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஆகவே அன்றைக்கே எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிற வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். கழுவ மட்டும் செய்து கிரீஸ் அடிக்காமல் விட்டால், கழுவாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும். வெளியே எடுத்ததும் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் அழுத்தி டிரம்மைக் காயவிட வேண்டும். காலையில் கழுவினால் மாலைக்குள் வெயிலில் காய்ந்துவிடும். கடை அடைத்த பிறகு ராத்திரி கழுவி ஷெட்டில் நிறுத்தினால் ஈரம் அப்படியே நிற்கும்.

எஃப்.சி. விஷயத்திலும் ஒரு வார்த்தை. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடந்தோறும் காட்ட வேண்டும். முந்தின நாள் கழுவிக் கொண்டுபோவதற்குப் பதிலாக, பத்து நாள் முன்பே கழுவிவிட்டால் ஒழுகலும் அரிப்பும் தெரிந்து சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். சாவி போடாமல், பாட்டரியைக் கழற்றி, கட்டி இழுத்துக்கொண்டு போய், நல்ல தண்ணீரில் அலசி, எஞ்சின், கியர், கிரௌன் ஆயில்களை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கு உடனே தகவல் சொல்லி, கழுவுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்வதும் அவசியம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எஞ்சினும் அடிப்பாகமும் அன்றுதான் ஆவி அடித்துக் கறுப்புக் கோட்டிங் போட்ட மாதிரி இருந்தால், உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக வெள்ளையடித்த கிட்டங்கிச் சுவரில் ஓதம் தெரியாது. இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, சுத்தமான அட்டையை எஞ்சினுக்குக் கீழே விரித்து அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒழுகல் இருந்தால் சொட்டு விழும். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்து, பின் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிற சேஸிஸ் சட்டத்தில் லேசாகத் தட்ட வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்டு, செதில் செதிலாகக் கையில் உதிரும்.